ரோமில் ஒரு நாள் காலியாகிவிட்டால்: ஃப்ரஸ்காத்திக்கு ரயில் ஏறுங்கள்

கேள்வியின் சாரம் இது. நால்வர் ரோமில் தங்கியிருக்கிறார்கள். நாளைக்குப் போட்ட திட்டம் கலைந்துவிட்டது. கார் இல்லை, முன்பதிவு எதுவும் இல்லை. டஸ்கனி ஒயின் டூருக்கு ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள். காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புகிற மாதிரி ஒரு சின்ன ஒயின் ஊர் பக்கத்தில் உண்டா? நால்வரில் ஒருவர் சுத்த சைவம், ஒருவர் குடிக்க மாட்டார்.

உண்டு. ஃப்ரஸ்காத்தி. ரோமுக்குத் தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர். கஸ்தெல்லி ரோமானி என்று மொத்தமாகச் சொல்லப்படும் மலையூர்களில் ஒன்று. தெர்மினி நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். டிக்கெட் ஒரு வழிக்கு 2 யூரோவைக் கொஞ்சம் தாண்டும்.

டஸ்கனியை ஏன் சொல்லவில்லை என்றால், திட்டமில்லாத நாளுக்கு அது ஒத்துவராது. அங்குள்ள ஒயின் ஊரான மோந்தெபுல்சானோவுக்கு ரோமிலிருந்து போவதானால் கியூசி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் போக வேண்டும். ஒரு பஸ் தவறினால் பாதி நாள் போச்சு. ஒர்வியேத்தோ நல்ல ஊர், ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் அங்கே பேராலயமும் 53 மீட்டர் ஆழக் கிணறும் நாளை முழுசாக எடுத்துக்கொள்ளும், ஒயினுக்கு நேரம் மிஞ்சாது. ஃப்ரஸ்காத்தியில் ஒயின் கடைதான் ஊரின் நடுக்கூடம். முன்பதிவு செய்யாமல் உள்ளே நுழைந்து பெஞ்சில் உட்காரலாம்.

முதலில் ரயில். தெர்மினியிலிருந்து கிளம்பும் அந்தப் புறநகர்ப் பாதையின் பெயர் எஃப்எல்4. சாம்பீனோ என்ற நிலையம் தாண்டியதும் அது மூன்றாகப் பிரிகிறது: ஒன்று ஃப்ரஸ்காத்திக்கு, ஒன்று அல்பானோவுக்கு, ஒன்று வெல்லேத்ரிக்கு. புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். "எஃப்எல்4" என்பதை மட்டும் பார்த்து ஏறிவிட்டு வெல்லேத்ரி போய்ச் சேருவார்கள். பலகையில் கடைசி ஊர் ஃப்ரஸ்காத்தி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது கடைசி நிலையம் என்பதால் இறங்கத் தவறவே முடியாது. தெரியாமல் வேறு வண்டியில் ஏறிவிட்டால் சாம்பீனோவிலேயே இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள். வண்டிகள் ஏறத்தாழ மணிக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை குறைவு. அதனால் கிளம்பும்போதே திரும்பி வரும் நேரங்களையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவுக்கு வாங்கிய நகர டிக்கெட் ஃப்ரஸ்காத்தி வரை செல்லாது, தனி டிக்கெட் வேண்டும். காகித டிக்கெட் வாங்கினால் வண்டி ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். செயலியில் வாங்கினால் ஏறுமுன் அதில் செக்-இன் செய்ய வேண்டும். காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், முத்திரை இல்லாத டிக்கெட் பரிசோதகரின் கணக்கில் டிக்கெட்டே இல்லை. அபராதம் டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு. திரும்பும் டிக்கெட்டையும் தெர்மினியிலேயே வாங்கிவிடுவது நல்லது. ஆனால் அதற்கு முத்திரை ஃப்ரஸ்காத்தியில், மாலையில்தான். அவசரத்தில் இரண்டையும் சேர்த்துக் குத்திவிடாதீர்கள்.

வேலைநிறுத்தம் என்றால் நிலையத்தில் "ஷோப்பெரோ" என்று எழுதியிருப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி வரும். சட்டப்படி வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உத்தரவாதமான வண்டிகள் ஓடியாக வேண்டும். எனவே வேலைநிறுத்த நாளிலும் காலை 9 மணிக்குள் போய் மாலை 6 மணிக்கு மேல் திரும்புவது சாத்தியம். மாற்று வழியும் உண்டு: மெட்ரோ ஏ பாதையின் கடைசி நிலையமான அனஞ்ஞீனாவிலிருந்து கொத்ரால் நிறுவனத்தின் பஸ். அது ஊர் நடுவில் பியாட்ஸா மார்கோனியில் இறக்கிவிடும்.

எந்தக் கிழமையில் போவது என்பதும் முக்கியம். திங்கள் வேண்டாம், பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். ஞாயிறு என்றால் ரோம்காரர்கள் குடும்பத்தோடு படையெடுப்பார்கள். 12 மணிக்கே இடம் பிடிக்க வேண்டும். செவ்வாய் முதல் வெள்ளி வரை அமைதியாக இருக்கும்.

ரயில் நிலையம் மலைச்சரிவில் ஊருக்குக் கீழே இருக்கிறது. படியேறி மேலே வந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் பியாட்ஸா மார்கோனி. முழங்கால் வலி உள்ளவர்கள் சாய்வான சாலை வழியாகச் சுற்றி வரலாம். சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் சரிவின் உச்சியில் பெரிய மாளிகை ஒன்று, வில்லா அல்தோப்ராந்தினி. திரும்பிப் பார்த்தால் கீழே ரோம் சமவெளி முழுக்க விரிந்து கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த ஊரின் ஒயின் கடைக்குப் பெயர் ஃப்ரஸ்கெத்தா. "ஃப்ரஸ்கா" என்றால் இலையோடு கூடிய கிளை. புது ஒயின் தயாரானதும் பாதாளக் கிடங்கின் வாசலில் ஒரு கிளையை ஒடித்துத் தொங்கவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். பழைய முறையில் ஃப்ரஸ்கெத்தாவில் ஒயின் மட்டும்தான் தருவார்கள். சாப்பாட்டை நீங்களே வெளியே வாங்கி, பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போக வேண்டும். அப்படிப் பொட்டலத்தோடு வருகிறவர்களுக்கு "ஃபகோத்தாரி" என்றே பெயர். இன்று பல கடைகள் சமையலும் செய்கின்றன, அவை கிட்டத்தட்ட உணவகங்கள்தான். பழைய முறைக் கடைகளும் இன்னும் சில இருக்கின்றன. வாசலில் நின்று "போஸ்ஸியாமோ போர்த்தாரே தா மன்ஜாரே?" என்று கேளுங்கள், சாப்பாடு கொண்டுவரலாமா என்று அர்த்தம். சரி என்றால் அந்தக் கடையையே தேர்ந்தெடுங்கள். நால்வருக்கும் நால்வகைச் சாப்பாடு வேண்டிய குழுவுக்கு இதைவிட வசதி கிடையாது. அவரவர் தட்டை அவரவர் வாங்கிக்கொள்ளலாம்.

எனவே முதல் வேலை ஒயின் அல்ல, சாப்பாடு வாங்குவது. சந்தைச் சதுக்கமான பியாட்ஸா தெல் மெர்காத்தோவுக்கு 11 மணி வாக்கில் போய்விடுங்கள். ஒரு மணிக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டர் இறக்கும். நான்கு மணி வாக்கில்தான் மறுபடி திறக்கும். மதியம் இரண்டு மணிக்கு வந்து இறங்குகிறவர்கள் பூட்டிய கடைகளைப் பார்த்துவிட்டு, "ஊரில் ஒன்றுமில்லை" என்று சொல்லிப் போவது இதனால்தான்.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு போர்கெத்தா. எலும்பு நீக்கிய முழுப் பன்றிக்குள் உப்பு, மிளகு, பூண்டு, ரோஸ்மேரி தடவி, சுருட்டிக் கட்டி, மணிக்கணக்கில் அடுப்பில் சுடுவார்கள். பக்கத்து ஊரான அரீச்சாவின் போர்கெத்தாவுக்கு 2011 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. அதன் விதிப்படி பெண் பன்றியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். எடை சொல்வது "எத்தோ" கணக்கில், ஒரு எத்தோ 100 கிராம். ரொட்டியோடு சாப்பிட ஆளுக்கு ஒரு எத்தோ போதும், பசி அதிகமானால் ஒன்றரை. கடைக்காரர் கத்தியை நடுப்பகுதியில் வைக்கும்போது "கோன் லா க்ரோஸ்தா" என்று சொல்லுங்கள். மேல் தோல் வெந்து, குமிழ் விட்டு, அப்பளம்போல் நொறுங்கும் பாகம் அது. சொல்லாவிட்டால் வெறும் சதையை மட்டும் வெட்டிக் கட்டிவிடுவார்கள். நல்ல துண்டில் நான்கு அடுக்கு தெரியும்: வெளியே கண்ணாடி போன்ற பழுப்புத் தோல், அடுத்து உருகிய மெல்லிய கொழுப்பு, வெளிர்ச் சதை, நடுவில் ரோஸ்மேரி கறுத்துப் போன மசாலாக் கோடு. தோல் ரப்பர்போல் வளைந்தால் அது நேற்றையது.

ரொட்டிக்கு ஜென்சானோ ரொட்டி கேளுங்கள், அதுவும் பக்கத்து ஊர்தான். 1997ல் இத்தாலியில் முதன்முதலாகப் புவிசார் பாதுகாப்பு பெற்ற ரொட்டி. மேலே தடித்த கறுப்புப் பொருக்கு, உள்ளே ஈரப்பசை. நால்வருக்கு அரைக் கிலோ தாராளம்.

சுத்த சைவருக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே எல்லோரும் நீட்டும் பெக்கோரீனோ சீஸ் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால் உறைய வைக்கப்படுவது. முட்டையும் சீஸும் சாப்பிடுகிறவர்கள்கூட இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். மிளகும் பெக்கோரீனோவும் சேர்ந்த காச்சோ எ பேப்பே பாஸ்தாவுக்கும் இதே கணக்கு. அவருக்கு வாங்க வேண்டியவை: எண்ணெயில் ஊறிய ஆர்ட்டிச்சோக், ஆலிவ், வறுத்த கத்தரிக்காய், எண்ணெய் தடவிச் சுட்ட வெள்ளைப் பீட்சா ரொட்டி, தக்காளி, பீன்ஸ். கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்க "சென்சா ஸ்த்ரூத்தோ?" என்றால் போதும், பன்றிக்கொழுப்பு இல்லையே என்று அர்த்தம். கடைசியில் இனிப்புக்குச் சம்பெல்லீனே அல் வீனோ. மாவு, சர்க்கரை, எண்ணெய், ஒயின் நான்கையும் பிசைந்து வளையமாகச் சுட்ட பிஸ்கட். வழக்கமான செய்முறையில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. குடிக்காதவர் ஒயின் என்ற பெயரைக் கண்டே தயங்கினால், மது பெரும்பாலும் சூட்டில் ஆவியாகிவிடும் என்பதைச் சொல்லி முடிவை அவரிடமே விடுங்கள். அவர் குடிக்க எலுமிச்சைச் சோடாவான கட்ஸோஸா எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

பேக்கரிக் கண்ணாடிக்குள் மூன்று மார்புள்ள பெண் வடிவில் ஒரு தேன் பிஸ்கட் இருக்கும். பெயர் பூபாட்ஸா. இரண்டு பாலுக்கு, மூன்றாவது ஒயினுக்கு என்பார்கள் ஊர்க்காரர்கள். கடிக்கக் கல் மாதிரி இருக்கும், ஊருக்கு எடுத்துப் போக நல்லது.

பொட்டலத்தோடு 12.30க்குள் ஃப்ரஸ்கெத்தாவில் உட்கார்ந்துவிட வேண்டும். மரப்பெஞ்சு, காகித மேசைவிரிப்பு, சுவரோரம் பீப்பாய்கள். இங்கே கேட்க வேண்டியது புட்டி அல்ல, "ஸ்ஃபூசோ", அதாவது பீப்பாயிலிருந்து நேராகக் கூஜாவில் பிடித்துத் தரும் ஒயின். கால் லிட்டர் "உன் குவார்த்தோ", அரை லிட்டர் "மெட்ஸோ லீத்ரோ". ரோம்காரர்கள் அரை லிட்டருக்குப் "ஃபொல்யெத்தா" என்ற பழைய பெயரும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒளி புகாத பாத்திரத்தில் ஊற்றி அளவில் ஏமாற்றினார்கள் என்று, 1588ல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் கண்ணாடிக் கூஜாக்களைக் கட்டாயமாக்கினார். அளவுப் பெயர்கள் அந்தக் காலத்தவை. மூன்று பேர் குடிப்பதானால் முதலில் அரை லிட்டர் வாங்குங்கள். ஒரு லிட்டர் வாங்கி மேசையில் வைத்தால் பாதியில் சூடேறிவிடும். அடுத்த அரை லிட்டர் கிடங்கிலிருந்து குளிர்ந்தே வரும்.

"செக்கோ" என்றால் இனிப்பில்லாதது, "அமாபிலே" என்றால் இலேசான இனிப்பு. போர்கெத்தாவுக்குச் செக்கோதான் பொருத்தம். அதன் புளிப்பு வாயில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடும். "ரொமனெல்லா" என்று ஒன்று நீட்டினால் கவனம். கொஞ்சம் நுரைக்கும், இனிக்கும், சர்பத்போல் இறங்கும். மது அளவு கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவிடும்.

கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல ஃப்ரஸ்காத்தி வைக்கோல் நிறத்தில், விளிம்பில் இலேசான பச்சையோடு இருக்கும். முகர்ந்தால் வெள்ளைப் பூவும் பச்சை ஆப்பிளும். விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கத்தில் கசப்பு பாதாம் ஒட்டி நிற்கும். அந்தக் கசப்பு குறையல்ல, இந்த ஊர் ஒயினின் முத்திரை. நிறம் தேன்போலப் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள் வாசம் வந்தால் காற்றுப் பட்டுக் கெட்டுப்போனது. வினிகர் நெடி வந்தால் பீப்பாய் முடியப் போகிறது. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து வேறு பீப்பாயிலிருந்து கேட்கலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

இந்த ஒயின் ஏன் இங்கேயே குடிக்க வேண்டியதாக இருக்கிறது? காரணம் திராட்சையில் இருக்கிறது. விதிப்படி குறைந்தது 70 சதவீதம் மல்வசீயா இருக்க வேண்டும். அதில் இரண்டு வகை. மல்வசீயா தி காந்தியா கொத்துக் கொத்தாகக் காய்க்கும், ஆனால் சாறு காற்றுப் பட்டதும் சீக்கிரம் பழுப்பேறும். புந்தினாத்தா என்னும் மல்வசீயா தெல் லாட்சியோ, பழத்தோலில் புள்ளிப் புள்ளியாக இருப்பது, மணம் அதிகம், விளைச்சல் குறைவு. மீதிக்கு பெல்லோனே, திரெப்பியானோ போன்றவை. பீப்பாய் ஒயினை அதிகம் வடிகட்டாமல், பாதுகாப்புப் பொருள் குறைவாகச் சேர்த்து வைப்பதால், வண்டியில் ஏற்றி வெயிலில் குலுக்கினால் மிச்சச் சர்க்கரை மறுபடி நொதிக்கத் தொடங்கும், அல்லது காற்று புகுந்து சுவை செத்துவிடும். "ஃப்ரஸ்காத்தி ஒயின் ஊர் தாண்டாது" என்ற பேச்சு இதிலிருந்து வந்தது. நவீன எஃகுத் தொட்டிகளும் குளிர்சாதனமும் வந்த பிறகு புட்டி ஒயின் எங்கும் போகிறது. ஆனால் புட்டியை ரோமிலும் வாங்கிக்கொள்ளலாம். கூஜாவில் வருவதைக் குடிக்கத்தான் ரயில் ஏறி வர வேண்டும்.

மண்ணும் சேர்ந்த கதைதான். கஸ்தெல்லி ஊர்கள் பழைய எரிமலையின் சரிவில் நிற்கின்றன. பொட்டாசியமும் பாஸ்பரசும் நிறைந்த, தண்ணீர் தேங்காத மண். அதே எரிமலைப் பாறையைக் குடைந்துதான் கிடங்குகள். கோடையிலும் உள்ளே குளிர்ச்சி மாறாது. இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டால் பல கடைக்காரர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். படிகள் வழுக்கும், மெல்லிய சட்டை போட்டிருந்தால் நடுங்கும்.

1966ல் இத்தாலி தோற்றப் பெயர்ப் பாதுகாப்பு (ஒயினுக்கான புவிசார் பாதுகாப்பு) கொடுத்த முதல் சில ஒயின்களில் ஃப்ரஸ்காத்தியும் ஒன்று. 2011ல் ஃப்ரஸ்காத்தி சுப்பீரியோரேவும், இனிப்பு ஒயினான கன்னெல்லீனோவும் ஒரு படி மேலான தகுதி பெற்றன. புட்டி வாங்குவதானால் லேபிளில் சுப்பீரியோரே என்ற சொல்லைத் தேடுங்கள். மது அளவு குறைந்தது 12 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி.

பில் வரும்போது ஒரு விஷயம். ரோமும் ஃப்ரஸ்காத்தியும் அடங்கிய லாட்சியோ மாகாணத்தில் 2006ம் ஆண்டுச் சட்டம் "கோபெர்த்தோ" என்ற மேசைக் கட்டணத்தைத் தடை செய்தது. ரொட்டிக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள். எனவே கேட்காமல் வைத்த ரொட்டியை வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டால் அந்தக் காசு பில்லில் வரக்கூடாது. உங்கள் சாப்பாட்டை நீங்களே கொண்டு போயிருந்தால் கடைக்காரருக்கு வருமானம் ஒயின் மட்டும்தான். வெறும் கால் லிட்டரை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் மேசையை அடைத்துக்கொள்வது முறையல்ல. எழுந்திருக்கும்போது காகிதக் குப்பையைச் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

மூன்று மணிக்கு மேல் நடை. வில்லா தொர்லோனியாவின் தோட்டம் இப்போது பொதுப் பூங்கா, நுழைவுக் கட்டணம் இல்லை. கார்லோ மதேர்னோ அமைத்த நீர் அரங்கம், படிக்கட்டு, நிழலான மரங்கள். ஒயினுக்குப் பின் உட்கார நல்ல இடம். வில்லா அல்தோப்ராந்தினி தனியார் சொத்து. தோட்டத்தைக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் திறப்பார்கள், எனவே நாளை அதன்மேல் கட்ட வேண்டாம். திறந்திருந்தால் விட்டுவிடாதீர்கள்: 1598ல் ஜாக்கொமோ தெல்லா போர்த்தா தொடங்கிய மாளிகை அது. ஃப்ரஸ்காத்தியின் பேராலயத்தில் ஒரு நிமிடம். இங்கிலாந்து அரியணைக்கு உரிமை கோரித் தோற்ற சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் 1788ல் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்கள், ஏனென்றால் அவர் தம்பி ஹென்றி இந்த ஊர் ஆயர். உடல் பிறகு ரோமுக்குப் போனது, இதயம் இங்கேயே தங்கிவிட்டது.

ஊர் நடுவில் பல கட்டடங்கள் புதிதாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1943 செப்டம்பர் 8 அன்று, ஜெர்மானியத் தளபதி கெசெல்ரிங்கின் தலைமையகம் இங்கே இருந்ததால், அமெரிக்க விமானங்கள் ஊரைக் குண்டு வீசித் தரைமட்டமாக்கின. நூற்றுக்கணக்கான ஊர்மக்கள் செத்தார்கள். அன்று மாலைதான் இத்தாலியின் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது.

அறுவடை செப்டம்பர், அக்டோபர். புது ஒயின் வாடிக்கையாக நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளை ஒட்டி வாயில் படும். அக்டோபர் முதல் ஞாயிறு வாக்கில் பக்கத்து ஊரான மரீனோவில், 1925லிருந்து நடக்கும் திராட்சைத் திருவிழா. ஊற்றிலிருந்து ஒயின் கொட்டும். அன்றைக்கு அல்பானோ போகும் ரயிலில் நிற்கவும் இடம் கிடைக்காது. ஊருக்கு வெளியே உள்ள ஒயின் தோட்டங்களுக்குத் திட்டமில்லாமல் போகாதீர்கள். முன்பதிவு கேட்பார்கள், டாக்ஸி கிடைப்பதும் கஷ்டம்.

ஆறரை, ஏழு மணி வாக்கில் ஒரு வண்டியைக் குறித்துவைத்து, அதற்கு இருபது நிமிடம் முன்பே சதுக்கத்திலிருந்து இறங்கத் தொடங்குங்கள். ஏறும்போது தெரியாத படிகள், மூன்று கிளாஸுக்குப் பின் இறங்கும்போது தெரியும். பீப்பாய் ஒயினைப் பிளாஸ்டிக் புட்டியில் பிடித்துக் கொண்டுவந்தால் அன்றிரவோ மறுநாளோ குடித்துவிட வேண்டும், ஊருக்குக் கொண்டுபோகும் சரக்கு அல்ல அது. இந்தியாவுக்கு எடுத்துப் போவதானால் மூடி முத்திரையிட்ட புட்டிதான், அதுவும் செக்-இன் பெட்டியில். சுங்கத்தில் ஒரு ஆளுக்கு 2 லிட்டர் வரை வரி இல்லை; 750 மில்லி புட்டி இரண்டு அதற்குள் அடங்கும். ஜீன்ஸின் ஒரு காலுக்குள் ஒரு புட்டியாகச் சொருகிச் சுருட்டி, பெட்டியின் நடுவில் வைத்தால் உடையாது.